பள்ளம் என்றால் ஓடை

என் பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் நாற்காலியில் இன்னும் யாரையும் போடவில்லை. படத்தைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்ப ஆளில்லை என்று ரோடு ஆபீஸில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். நான் மட்டும் பழையபடி மூலையில் உட்கார்ந்து, டிரேசிங் துணியில் நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.

கடத்தூர் ரோட்டுப் படம் நினைவிருக்கிறதா? காய்ச்சலில் படுப்பதற்கு முன்னால் நீ கடைசியாகக் கையெழுத்துப் போட மறுத்தது அதில்தானே. தப்பு என் வாயிலிருந்துதான் வந்தது. ரோடு போகிற வழியில் என்ன இருக்கிறது என்று மெட்ராஸ் எஞ்சினியர் கேட்டார். "ஒரு பள்ளம் இருக்குதுங்க" என்றேன். நமக்குப் பள்ளம் என்றால் ஓடை. அவருக்கு அது வெறும் குழி. மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடியில் இரண்டடிக் குழாய் ஒன்று போட்டால் போதும் என்று வரைந்துவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு நகலெடுத்தேன்.

தப்பை நீதான் கண்டுபிடித்தாய். ஐப்பசித் தண்ணீர் அந்தக் குழாயில் அடங்குமா, தேங்கி மேல்புறத்துக் குடிசைகளுக்குள் போகாதா என்று கேட்டாய். யுத்த காலத்தில் பாலம் கட்டச் சிமெண்டுக்கு எங்கே போவது என்று அவர் கத்தினார். 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் காலியாகவே கிடந்தது.

போன திங்கட்கிழமை எஞ்சினியர் அதே படத்தை என் மேசையில் விரித்தார். பழைய தேதி போட்டு உன் கையெழுத்தை நான் போட வேண்டுமாம். "நகலெடுப்பதுதானே உன் வேலை, செத்தவனை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?" என்றார் என்னிடம். போட்டால் உன் நாற்காலி எனக்கு. மறைக்காமல் சொல்கிறேன் மாப்பிள்ளை, அன்று முழுக்க யோசித்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் உன் வூட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன். ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"அவரு போடாத கையெழுத்த நீ போட்டீன்னா, இந்த வூட்டுப் பக்கம் வராதண்ணா."

மறுநாள் சிவப்பு மசியைத் தொட்டு, அந்தக் கட்டத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன். பக்கத்திலேயே, 'பள்ளம் என்றால் ஓடை. குழாய் போதாது. சரியில்லை' என்று எழுதினேன். நகலெடுக்கிறவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது, தெரியும். எஞ்சினியரின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! யாரைக் கேட்டு எழுதினாய் என்றார்.

"எங்க மாப்பிள்ளையக் கேட்டுத்தானுங்க."

இன்று காலை என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நீக்கட்டுமே! துணியில் ஊறிய சிவப்பைச் சுரண்டினால் துணிதான் கிழியும். புதுசாக நகலெடுக்க அங்கே வேறு ஆளும் இல்லை. மத்தியானம் உன் வூட்டில்தான் களி தின்றேன். தங்கச்சி இன்னொரு உருண்டை வைத்தாள்.

எப்படியும் வேறு ஆளைப் பிடித்து வரைவார்கள். அதற்குள் மேல்புறத்துக் குடிசைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போய், பெரிய எஞ்சினியர் முன்னால் நிற்பேன். துரத்தினால் மறுபடியும் போவேன். உன் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டே போட இந்தக் கைக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் போடாது.

உனக்காகச் சண்டை போடும்,
உன் மச்சான்