ஒன்பதாம் பிரிவும் எங்கள் வீட்டுத் தலைவரும்

20 ஜனவரி 1988, புதன். பீல், சுவிஸ்

பனி கொட்டுகிறது. சுமித்ராவுக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறது. மூன்று வயதுக்கு இவ்வளவு சளி எங்கிருந்துதான் வருகிறதோ!

இவர் உணவகத்துக்கு வேலைக்குப் போகமுன் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பாதீட்டை, அதுதான் வரவுசெலவுத் திட்டத்தை, மேசையில் விரித்தார். ஞாயிறு பொங்கல் விழாவில் பொதுச்சபை கைதூக்கி நிறைவேற்றிய பாதீடு. தலைவர், அதாவது இவர், ஒப்பமிட வேண்டியதுதான் பாக்கி. தலைவர் ஒப்பமிடவில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு வரியை வெட்டினார்: பெண்களுக்கு ஜெர்மன் வகுப்பு, பிள்ளை பார்க்க ஓர் ஆளோடு. நான் எழும்பி நின்று கேட்டு வாங்கிய வரி!

"அநாவசியம். கதைக்க நான் இருக்கிறன்தானே," என்றார்.

கரப்பந்தாட்டக் குழுவுக்குச் சட்டை என்ற வரியில் ஒரு கீறலும் இல்லை. குழுவின் கப்டன் யார்? வேறு யார்!

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்த காலம் முழுக்க மேலதிகாரி வெட்ட இவர் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் இவர் கைக்குப் பேனா வந்திருக்கிறது, பாவம்.

21 ஜனவரி

கதைக்கவில்லை. கறிக்கு உப்புக் காணுமோ என்று இவரைக் கேட்டது கதையில் சேராது.

24 ஜனவரி, ஞாயிறு

பகிடியாகத்தான் எழுதுகிறேன், ஆனால் நெஞ்சு எரிகிறது. மார்கழியில் பிள்ளைக்குக் காய்ச்சல். இவர் வேலையில். டொக்டர் ஜெர்மனில் என்னவோ கேட்டார், நான் "யா, யா" என்று தலையாட்டினேன். இந்த மருந்து முன்பு ஒத்துக்கொண்டதா என்றுதான் கேட்டாராம். ஊரில் அதே மருந்தால் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சென்ன? மறுநாளும் தடிச்சது. பிள்ளை அழ, நானும் இருந்து அழுதன். நான் வாய் இல்லாதவளோ?

26 ஜனவரி, செவ்வாய்

லண்டன் வானொலியில் செய்தி: அமெரிக்க ஜனாதிபதி, செலவுத் திட்டத்தில் வரிவரியாக வெட்டும் அதிகாரம் தனக்கு வேண்டுமென்று கேட்கிறாராம். இவர் முகத்தில் பூரிப்பு.

"பாத்தீரோ! அமெரிக்காவிலயே!"

"ஓம், கேக்கிறார். அப்ப அவருக்கே இல்லையெண்டுதானே அர்த்தம்?"

வானொலியை அணைத்துவிட்டார்.

27 ஜனவரி

சங்கத்தின் யாப்பை, அதுதான் சட்டதிட்டப் புத்தகத்தை, எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பிரிவு: தலைவர் பாதீட்டை ஏற்கலாம், அல்லது காரணம் கூறி முழுமையாகச் சபைக்குத் திருப்பலாம். அவ்வளவுதான். எழுதியவரே இவர்!

"முழுசையும் மறுக்கலாமெண்டால் ஒரு வரியை மறுக்கேலாதோ? பெரிசுக்குள்ள சின்னது அடக்கம்," என்கிறார்.

"மாப்பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லலாம். மாப்பிள்ளை வரட்டும், மூக்கு மட்டும் வேண்டாமெண்டு சொல்லேலுமோ?"

தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் பெரிசுதான்.

செயலாளர் பத்மநாதன் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்றார். இவருக்கு இன்னும் தெரியாது. பயமாகத்தான் கிடக்கு.

14 பெப்ரவரி, ஞாயிறு

சங்கக் கூட்டம், தேவாலய மண்டபத்தில். முன்வரிசையில் ஆம்பிளைகள், பின்னால் நாங்கள். எழும்பினேன்.

"எங்கட வீட்டுக்காரர் வெட்டினது செல்லாது."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பத்மநாதன் மட்டும் சிரிக்காமல், "அக்கா, சங்கத்தில வீட்டுக்காரர் எண்டு ஒரு பதவி இல்லை. பேரைச் சொன்னால்தான் பிரேரணை," என்றார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். கோயில் அர்ச்சனைக்குக்கூட இவரைக் கொண்டே சொல்விப்பேன். ஐயோ, முருகா.

"தலைவர் உருத்திரமூர்த்தி," என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மிச்சத்தை நிறுத்தாமல் சொன்னேன்: முழுதாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் முழுதாகத் திருப்ப வேண்டும். திருப்பினால் கரப்பந்துச் சட்டையும் சேர்ந்து திரும்பும். கப்டன் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒப்பமிட்டார்.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது பிள்ளையை இவர் தூக்கிக்கொண்டார்.

2 மார்ச், புதன்

முதல் வகுப்பு. ஒன்பது பெண்கள். நாக்குச் சுளுக்கியது.

9 ஜூன்

சுமித்ராவுக்குக் காது நோ. மூவரும் டொக்டரிடம் போனோம். இவர் வாயைத் திறக்கமுன் நான் தொடங்கிவிட்டேன்: எத்தனை நாள், என்ன காய்ச்சல், எந்த மருந்து ஆகாது. பிழை பிழையாகத்தான். ஆனால் டொக்டர் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். எனக்கு என்ன சந்தோசம்! இவருக்கு உணவகத்து ஜெர்மன்தான். தட்டும் சட்டியும் தாண்டாது. வாசலில் மெல்லக் கேட்டார்:

"என்னவாம்?"

24 நவம்பர், வியாழன்

அடுத்த வருடப் பாதீடு. இவர் பென்சிலால் ஒரு வரி எழுதி என் பக்கம் தள்ளினார்: ஆண்களுக்கு ஜெர்மன் வகுப்பு.

"தலைவருக்கு வெட்டத்தான் அதிகாரமில்லை. சேர்க்க மட்டும் இருக்கோ?"

"இல்லை. அதுதான் உம்மட்டக் கேக்கிறன். கூட்டத்தில கை தூக்குவீரோ?"

"யோசிப்பம்," என்றேன்.

தூக்குவேன்தான். ஆனால் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதுவரைக்கும் தேத்தண்ணியை அவரே போடட்டும்.