அறுகம்பேக்குப் போகும் கள்ளிச் சாடிகள்

சாய்ந்தமருது,
செவ்வாய்க்கிழமை.

றிப்னாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நாங்கள் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சுகம். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்டது செடிகளின் சுகத்தைத்தான். அவற்றில் ஒன்று மௌத்தாகிவிட்டது. மற்றவை இந்தப் பெட்டிக்குள் உயிரோடு வருகின்றன.

மகளின் கலியாண விசயமாக எத்தனையோ தடவை போன் எடுத்தேன். நீங்கள் தூக்கவே இல்லை. கடைசியில் போனில் உங்கள் குரல் பதிவு ஒன்று வந்தது, "பூச்சாடியெல்லாம் ஹோட்டலுக்குத் தேவப்படுது, பஸ்ஸில போட்டு உடுங்க" என்று. தபாலில் கடிதம் போட்டால் பிரிக்காமல் வைத்துவிடுவீர்கள். செடிப் பெட்டியைத் திறக்காமல் உங்களால் இருக்க முடியாது. அதனால்தான் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கட்டினேன். பொத்துவில் பஸ்ஸில் கொண்டக்டர் பஸால் கொண்டுவந்து தருவார்.

பெருநாளைக்கு அந்த அறுகம்பே ஹோட்டலிலிருந்து நீங்கள் வந்து இறங்கிய கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மகளுக்கு ஒரு உடுப்புத் துணி இல்லை, மடியில் இந்தச் சாடிகள். வெள்ளைக்காரர் சாப்பிடும் மேசையில் வைக்கிற செடியாம். முள்ளில்லாத கள்ளியாம், ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்காய் இலை, மணம் இல்லை, கறிக்கும் ஆகாது. அதற்கு எத்தனை சட்டம்! மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இலைக்கு நடுவில் தண்ணீர் தேங்கக்கூடாது. வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் கூடாது. சாடியின் அடியில் ஓட்டை இருக்கவேண்டும். நான் பிள்ளை பெற்றுக் கிடந்த நாற்பது நாளுக்குள்கூட என்னை இப்படிப் பார்த்தவர் இல்லை நீங்கள்.

மௌத்தானது எப்படி என்று கேட்பீர்கள். வெளிச்சம் வேண்டும் என்றீர்களே என்று அதை முற்றத்தில் வுழூச் செய்யும் பைப்படியில் வைத்தேன். ஐந்து நேரமும் நாங்கள் கைகால் கழுவிய தண்ணீர் அதன்மேல் தெறித்தது. கொஞ்ச நாளில் அடி கறுத்து, இலைகள் கூழாகிக் கழன்று விழுந்தன. தொழுகிற வீட்டில் பிழைக்கத் தெரியாத செடி. உங்களுக்கு ஏற்ற செடிதான்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு றிப்னாவுக்குக் கலியாணக் காவின் எழுதுகிறோம். மாப்பிள்ளை மருதமுனை நஜீம், அடக்கமான பிள்ளை. உங்களைக் கேட்காமல் என் தம்பி மீராமுகைதீன் பேசி முடித்துவிட்டார் என்று உங்களுக்கு ரோசமாம். போனைத் தூக்கியிருந்தால் உங்களைத்தானே முதலில் கேட்டிருப்போம்? பெண்சாதி வீட்டில் இருப்பது குறைச்சல் என்றும் யாரிடமோ சொன்னீர்களாம். இந்த ஊரில் எந்த ஆண் பெண்சாதி வீட்டில் இல்லை? உங்களுக்கு மட்டும்தான் அது முள்ளாய்க் குத்துகிறதா? அதற்காக அறுகம்பேயில் போய்க் கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மனேஜர் என்று சொல்லித் திரிகிறீர்கள்.

வீட்டுக்கு ஓடு மாற்றியது தம்பி. றிப்னாவைக் கம்பஸில் படிக்கக் கொண்டுபோய் விட்டதும், மாப்பிள்ளை வீட்டை விசாரித்ததும் தம்பி. ஆனாலும் தாய்மாமன் வலீயாக முடியாது. காவினில் மகளைக் கொடுக்கும் உரிமை வாப்பாவுக்குத்தான். உங்கள் குடும்பத்தில் வேறு ஆணும் உயிரோடு இல்லை. பாடுபட்டவர் ஒதுங்கி நிற்க, பூச்சாடிக்காரர் வந்து பாயில் உட்காரவேண்டும். நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

வாப்பா இல்லை என்று காதியாரிடம் சொன்னால், அவரே வலீயாக நின்று காவினை முடித்துவைப்பார் என்று தம்பி சொன்னார். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. உங்கள் மகள் விடவில்லை. "வாப்பா உசிரோட இருக்கக்குள்ள இல்லாத ஆள் மாதிரி எழுத ஏலா உம்மா. அவர் வராட்டி எனக்குக் காவினே வாணாம்" என்று ஒரே பிடி. நேற்று மாப்பிள்ளையின் உம்மா வந்து, வாப்பா வருவாரா என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். நோன்பும் தொழுகையுமாக இருக்கிறவள் உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். அதைப் பொய்யாகவே விட்டுவிடாதீர்கள்.

ஜும்ஆவை இங்கே வந்து தொழுங்கள். தம்பி ஒரு சொல் கதைக்கமாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை தேடி அலையவேண்டாம், உங்களுடையது அலுமாரியில் அயன் பண்ணி மாட்டியிருக்கிறது. காவின் முடிந்ததும் உங்களை யாரும் பிடித்து வைக்கப்போவதில்லை, விருப்பம் என்றால் அன்றைக்கே பஸ் ஏறலாம்.

ஒரு சாடியை மட்டும் நான் அனுப்பவில்லை. அந்த அழுகிய செடியில் நல்லதாய் இருந்த ஓர் இலையை றிப்னா பொறுக்கி எடுத்து, காயவிட்டு, மணலின்மேல் சும்மா வைத்தாள். வெட்டி வேலை என்று ஏசினேன். இப்போது அதன் அடியில் மிளகளவு குருத்து விட்டிருக்கிறது. யன்னலோரம் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு எப்போது தண்ணீர் விடுவது என்று என்னைத்தான் கேட்கிறாள். எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமை வாப்பா வந்து சொல்வார் என்று சொல்லியிருக்கிறேன்.

அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தையும், சுகத்தோடு கொஞ்சம் புத்தியையும் தந்து, வழியில் பாதுகாத்துக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

றிப்னாவின் உம்மா,
ஸகியா.