அம்மாவின் இரண்டாம் ஞானஸ்நானம்

ஜூன் 3, திங்கள்

மூன்றாம் நூற்றாண்டின் மறுஞானஸ்நானச் சண்டையை இன்று வகுப்பில் நடத்தினேன். பிரிந்துபோன கூட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவன் திரும்பி வந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டுமா? கார்த்தேஜ் ஆயர் வேண்டும் என்றார். ரோம் ஆயர், கைவைத்து ஜெபித்தால் போதும் என்றார். "இப்ப ரெண்டு பேரையுமே புனிதர்னு கொண்டாடுறாங்க," என்றேன். வகுப்பே சிரித்தது. எங்கள் இறையியல் கல்லூரியில் ஆறு வெவ்வேறு சபைகளின் பிள்ளைகள் படிக்கிறார்கள். சிரிப்பில் மட்டும் பிரிவினை கிடையாது.

வீட்டுக்கு வந்தால் அதே சண்டை. அண்ணன் முழுக்கு ஞானஸ்நான சபை ஒன்றில் பாஸ்டர். பக்கவாதத்தில் கிடக்கும் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடியே சொல்கிறான்: "அம்மா இன்னும் ஞானஸ்நானமே எடுக்கல. கைக்குழந்தையில தலையில தண்ணி தெளிச்சதெல்லாம் கணக்குல வராது."

"காலம்பூரா ஜெபம் பண்ணினவங்களைப் பார்த்து இப்படிச் சொல்ல உனக்கு வாய் எப்படி வருது?"

"அவங்க நரகத்துக்குப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நீ சொல்லு."

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. நடிப்பில்லை. எனக்குப் பயமே அதுதான்.

ஜூன் 4

"முழுக்கு எடுக்கிறீங்களாம்மா?" என்று அண்ணன் கேட்டான். அம்மா "ம்" என்றாள். "வேண்டாம்தானேம்மா?" என்று நான் கேட்டேன். அதற்கும் "ம்". படுத்ததிலிருந்து அவளுக்கு வரும் ஒரே சொல் அதுதான்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தேன். கட்டில் காலி. கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அம்மாவின் தலைமுடி ஈரமாக இருந்தது. உதடு நீலம். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சம்மதம்னு சொன்னாங்க," என்றான்.

எந்த "ம்"மை எடுத்துக்கொண்டான்?

நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். அண்ணி மட்டும் துண்டை எடுத்து அம்மாவுக்குத் தலை துவட்டினாள்.

ஜூன் 11

காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்கிறார் டாக்டர். "இந்த நிலைமையில யாருங்க தண்ணியில இறக்கினது?" என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூன் 12

அம்மா போய்விட்டாள்.

ஜூன் 13

எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லையாம். அப்பா அங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் அம்மாவுக்கென்று விட்டுவைத்த இடத்தில் இன்னும் புல்தான்.

"அவங்க வேற சபையில ஞானஸ்நானம் எடுத்துட்டாங்களேம்மா," என்றார் ஆயர். "விதி அப்படி."

"வாய் பேச முடியாதவங்க, ஐயா. தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"எனக்குப் புரியுது. கமிட்டி ஒத்துக்க மாட்டேங்குதே."

இத்தனை வருடம் இந்தக் கமிட்டிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவள் அம்மா. ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லையா? அண்ணனின் சபைக்கோ கல்லறையே கிடையாது. ஆராதனையே வாடகைக் கூடத்தில்தான் நடக்கிறது. ஒருவர் செல்லாது என்றது முதல் ஞானஸ்நானம். இன்னொருவர் மன்னிக்காதது இரண்டாவது. ரெண்டும் வாங்கினவளுக்கு ஆறடி மண் இல்லை.

இதையெல்லாம்தான் நான் வருடா வருடம் சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்துகிறேன்.

ஜூன் 14

நகராட்சி இடுகாடு. ஆயர் வரவில்லை. அண்ணன் கண்ணை மூடி ஆரம்பித்தான்: "ஆண்டவரே, உமக்குக் கீழ்ப்படிந்த இந்த மகளுக்காக—"

"நிறுத்துண்ணா."

நிறுத்திவிட்டான். குழி வெட்டியவர் மண்வெட்டியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டுடலாமா?" என்றார். தலையாட்டினேன்.

ஜெபம் இல்லாமல் மண் விழும் சத்தம்.

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனை நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அண்ணன். தாடி. பிரசங்கம் பண்ண வேண்டிய ஆள்.

"நீ கோயிலுக்குப் போகலையா?" என்று என்னைக் கேட்டான்.

"போறதில்ல."

வாசலிலேயே நின்றான். "ஒரு குடும்பம் முழுக்கு எடுக்க வந்திருக்கு. தொட்டியை நிரப்பிட்டாங்க. பார்த்தேன். என்னால முடியல. வெளியே வந்துட்டேன்."

உள்ளே வரச் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு மேசையில் வந்து உட்கார்ந்தான். இரண்டு தட்டு வைத்துப் பரிமாறினேன்.

ஜெபத்துக்கு யாரும் கண்ணை மூடவில்லை. சாப்பிட்டோம்.