கழுவாமல் வைத்திருக்கும் செருப்பு

என் தங்க நானாவுக்கு,

உங்கள் தங்கச்சியின் ஸலாம். மண்ணுக்குள்ளே உங்கள் கபுறு வெளிச்சமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அதற்கு அடுத்து நான் கேட்பது நல்ல துஆ இல்லை. அது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

கட்டுகஸ்தோட்டை மீன்கடையை நீங்கள் போனபிறகு என் புருஷன், உங்கள் மச்சான்தான் பார்க்கிறார். சிலாபத்து மீன் என்றால் ஆட்கள் செவுளைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கோழிக் கடைக்குப் போகிறார்கள். யாரைக் குறை சொல்வது?

கரையிலிருந்து உங்கள் கூட்டாளி அன்டன் அடிக்கடி கோல் எடுக்கிறார். "தங்கச்சி, கடல் கொந்தளிச்சா திரும்பவும் அந்தக் கப்பல் எண்ணெ கறுப்புக் கட்டி கட்டியா ஒதுங்குது. வலை எல்லாம் நாறுது. களப்புல நண்டே இல்ல" என்கிறார். எண்ணெய் அள்ளிய ஆட்களின் கைகளில் இன்னும் தோல் உரிகிறதாம். சிலாபத்துக் கடலில் அந்த எண்ணெய்க் கப்பல் மூழ்கியதைப் பேப்பர்காரர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள்.

மீன் ஏற்றப் போன நீங்கள் அன்றைக்கு வெறும் லொறியோடு ஏன் திரும்பி வரவில்லை நானா? கரை முழுக்க எண்ணெய் கிடக்க, கப்பல் ஏஜென்சியிலிருந்து ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றாராம். தமிழில் பேசினாராம். நம் அலவத்துகொட ஆள் என்றதும் உங்களுக்கு வாயெல்லாம் பல். "கையால அள்ளினாலும் ஒண்டும் ஆகாது" என்று அவர் சொன்னதை, "நம்மட ஊராள் பொய் சொல்ல மாட்டாரு" என்று அன்டனுக்கும் மற்றவர்களுக்கும் நீங்களே உறுதி சொன்னீர்கள். கையுறை இல்லாமல் முதலில் இறங்கியதும் நீங்கள்தான்.

பிறகு இருமல், மூச்சு இழுப்பு, கண்டி ஆஸ்பத்திரி, ஜனாஸா. டாக்டர் நெஞ்சு வருத்தம் என்றார். நான் கொலை என்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அந்த ஏஜென்சி ஆள் நம் வீட்டுக்கு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறாராம். போகுமுன் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லி மாப்புக் கேட்பது வழக்கம்தானே. மனைவியைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி கேக்கோடு வந்து, உங்கள் கதிரையிலேயே உட்கார்ந்தார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ பிழை செஞ்சீந்தா அல்லாஹ்வுக்காக மாப்புத் தாங்க" என்றார். உங்கள் மச்சான் வாயைத் திறக்குமுன் நான் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"தெரிஞ்சா, தெரியாமலா? அதச் சொல்லுங்க முதல்ல."

அவர் கீழே பார்த்தார். "அந்த எண்ணெ ஒடம்புக்குக் கூடாதெண்டு ஒஃபிஸ்ல சொல்லித்தான் ஈந்த. வெளிய சொல்ல வாணாமெண்டாங்க."

"அப்ப சிலாபத்துக்குப் போங்க. கரையில உள்ள வீடு வீடாப் போய், நான் சொன்னது பொய் எண்டு சொல்லி மாப்புக் கேளுங்க. அதுக்குப் பொறகு இங்க வாங்க."

"தங்கச்சி, என்ட தொழில் போயிடும்."

"என்ட நானா போயிட்டாரு."

அவர் மனைவி அழுதார். அவர் முகம் வெளிறியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது நானா, மறைக்க மாட்டேன். கேக்கைத் திருப்பிக் கொடுத்தேன். "ஹஜ்ஜுக்குப் போற மனிசன், மாப்புக் குடுத்தீந்தா என்ன?" என்று உங்கள் மச்சான் இன்னும் புறுபுறுக்கிறார். நீங்களாக இருந்தால் கொடுத்திருப்பீர்கள், தேத்தண்ணியும் ஊற்றியிருப்பீர்கள். அந்த நல்ல மனம்தானே உங்களைத் தின்றது?

இரண்டு நாள் கழித்து அன்டன் கோல் எடுத்தார். கரையில் ஒரு கார் வந்து நின்றதாம். உள்ளே அந்த ஆள்தானாம். கண்ணாடியைக்கூட இறக்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். நேற்று அவர் ப்ளேன் ஏறிவிட்டார்.

உங்கள் செருப்பு இன்னும் லொறியின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அடியில் அந்தக் கரையின் எண்ணெய் மண்ணோடு இறுகிக் கிடக்கிறது. மச்சான் கழுவப் பார்த்தார், நான் விடவில்லை.

அவர் ஹாஜியாராகத் திரும்பி வரும்போது ஊரே துஆக் கேட்க அந்த வீட்டுக்குப் போகும். நானும் போவேன். எல்லாருக்கும் முன்னால், அவருடைய வெள்ளை மாபிள் தரையில் உங்கள் செருப்பை வைப்பேன். "இது யாருடையது?" என்று யாராவது கேட்பார்கள். அவரே வாயைத் திறந்து பதில் சொல்லும்வரை அந்த வாசலை விட்டு அசையமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

மாப்புத் தராத உங்கள் தங்கச்சி,
ஃபரீனா