நீர் வற்றிய படம்

ஜூலை 14, திங்கள்

கண் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் இன்று முப்பத்தெட்டுப் பேர். கடைசியாக அண்ணன் ஆண்டனிராஜ். ஏப்ரலில் அவனுக்கு இரண்டு கண்ணுக்குள்ளும் அழற்சி வந்தது. யுவியைடிஸ் என்றார்கள். அன்றிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரை. முகம் பணியாரமாக உப்பிவிட்டது. மூன்று மாதமாக மினி பஸ் ஓட்டப் போகவில்லை.

விழித்திரையின் நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருக்கவேண்டும். போன படத்தில் நீர் கோத்து அது மேடாக இருந்தது. இன்று பள்ளம் அழகாகத் தெரிந்தது. கை தட்டலாம் போல இருந்தது எனக்கு.

படம் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. அதைப் பார்த்துச் சொல்லவேண்டியது டாக்டர். மேடம் வியாழன்தான் வருவார். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை. "தண்ணி வத்திருச்சுண்ணே. சரியாயிருச்சு."

ஜூலை 17

அண்ணன் டாக்டரைப் பார்க்க வரவில்லை. போன் செய்தேன். "அதான் நீயே பாத்துச் சொல்லிட்டியே" என்கிறான். நேற்றே பஸ் எடுத்துவிட்டானாம்.

ரத்தக்குழாய் இன்னும் கசிகிறதா என்று பார்க்க, சாயம் ஏற்றி ஒரு படம் எடுக்கச் சொல்கிறார் மேடம். மாத்திரையையும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். அண்ணனிடம் சொன்னேன். அடுத்த வாரம் வாரேன் என்றான்.

ஆகஸ்ட் 3

வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் அண்ணன் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கத் தொடங்கினான். கண் கிடைத்ததற்கு நேர்ச்சை. மதினி ஆனந்தமேரி அழுதுகொண்டே மாலை போட்டாள். நானும் சந்தோஷமாகத்தான் நின்றேன்.

அவர்கள் வீட்டில் தண்ணீர் எடுக்கப் போனால் பிரிட்ஜ் மேல் மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"மாசம் பொறந்ததுலருந்து ஒருசந்தி இருக்காருல்ல, ஒருவேளச் சாப்பாடுதான்" என்றாள் மதினி. "வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

உடனே அவனுக்குப் போன் செய்தேன். "மாதா கண்ணைக் குடுத்த பெறகும் மாத்திரை போட்டா, அவளை நம்பலன்னு ஆயிராதா?" என்கிறான். பஸ் ஏறித் திரும்பி வாண்ணே என்று கத்தினேன். "கோயிலைப் பாத்துட்டு வாரேன்" என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 30

கூட நடக்கும் சூசைமாணிக்கம் பேசினார். தஞ்சாவூர் தாண்டிவிட்டார்களாம். "அண்ணனுக்கு எல்லாம் பொகையாத் தெரியுதாம்மா. நான்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்." அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். இன்னும் ரெண்டு நாள்தான் என்கிறான்.

என்ன சொல்லி அவனைத் திருப்புவது?

செப்டம்பர் 4

அண்ணன் கோயிலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். சாயப் படம் நானே எடுத்தேன். இரண்டு கண்ணிலும் ரத்தக்குழாய் முழுக்கக் கசிவு, ஈரத்துணியில் மை பட்டதுபோல. பள்ளம் இருந்த இடம் மறுபடி மேடு. அதன் அடியில், பார்வைச் செல்கள் சேர்ந்து ஒரே கோடாகத் தெரியவேண்டும். துண்டு துண்டாகக் கிடந்தது.

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னா?" என்று மேடம் கேட்டார்.

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான்" என்றான் அண்ணன்.

நான் மெஷின் பக்கத்தில் நின்றேன். சரியாகிவிட்டது என்று சொன்னவள் நான்தான் மேடம் — இந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அம்புட்டுத்தான் நான். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, நான் சொன்னது யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்று.

செப்டம்பர் 6

மூன்றாவது நாளாக மருந்தைக் குளுக்கோஸில் ஏற்றுகிறார்கள்.

நவம்பர் 20

நீர் வற்றிவிட்டது. பள்ளம் வந்துவிட்டது. கோடு வரவில்லை. இனி வராது என்று மேடம் அவனிடமே சொல்லிவிட்டார். ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது.

"லைசென்ஸ் மேடம்?" என்று மட்டும் கேட்டான் அண்ணன்.

டிசம்பர் 9

அண்ணனை வீட்டில் விடக் கூட்டிப் போனேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் செத்த நேரம் நின்றோம். எதிரே ஒரு மினி பஸ் வந்து நின்றது. முகத்தைச் சாய்த்துச் சாய்த்து அதன் போர்டைப் பார்த்தான்.

"இது எந்த ஊருப் பஸ்சு, ஜோஸ்பினு?"

பதினோரு வருடம் அவன் ஓட்டிய பஸ். சாணார்பட்டி என்று சொல்லி அவனை ஏற்றி, நானும் ஏறினேன்.