வீங்காத சொட்டு

இன்று காலை அலர்ஜி பரிசோதனைக்கான புதுப் பெட்டி வந்தது. உள்ளே சுண்டுவிரல் அளவுப் பாட்டில்கள்: வீட்டுத்தூசி, கரப்பான், பார்த்தீனியம், மக்காச்சோளம். சோளப் பாட்டிலைக் கையில் எடுத்ததும் உன் நினைவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் இந்த கிளினிக்குக்குக் குன்னத்திலிருந்து பஸ் ஏறி வந்தாய். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் என்ற உரிமையில், டோக்கன்கூட வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாய். சோளம் அடிக்கிற மிஷின் பக்கம் போனாலே மூச்சு இழுக்கிறது என்றாய்.

"மாத்திரை எதுவும் போட்டியாடி? போட்டிருந்தா டெஸ்ட்டுல தெரியாது."

"பத்து நாளா ஒரு மாத்திரையும் தொடலடி. சாமி சத்தியமா."

உன் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினேன். "புள்ளி வச்சது போதும், கோட்டையும் இழுத்துக் கோலத்த முடிச்சுடு" என்றாய். டாக்டர் அறைக்குக் கேட்கும்படி சிரித்தோம்.

கால்மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். எதுவும் வீங்கவில்லை. யார் கையிலும் வீங்கியே தீரவேண்டிய சொட்டு ஒன்று உண்டு. பரிசோதனை சரிதானா என்று அறிவதற்காகவே அதை வைப்போம். அதுவும் வீங்கவில்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பாட்டில்களின் லட்சணம் அப்படி. ஒரு பெட்டியின் வீரியம் அடுத்த பெட்டியில் இருக்காது. ஒரு மாதம் தடித்துக் கிளம்பும், மறுமாதம் பச்சைத் தண்ணீர். இந்தச் சொட்டும் பழசாகியிருக்கும் என்று நினைத்து, தாளில் அதன் எதிரே வழக்கமாக வீங்கும் அளவை எழுதிவிட்டேன். தாளைப் பார்த்த டாக்டர், "சோளத்தால இல்லம்மா" என்றார். அப்போதுதான் உன் முகத்தில் நிம்மதி வந்தது.

அந்த அறுப்புக்கே மிஷினுக்குப் போனாய். களத்தில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

துக்கத்துக்கு வந்தபோது உன் வீட்டு ஜன்னலில் சளி டானிக் பாட்டில் பாதி இருந்தது. "தெனம் ரெண்டு மூடி குடிச்சாத்தான் அவளுக்கு அரிப்பு அடங்கும்" என்றார் உன் வீட்டுக்காரர். நீ பொய்ச் சத்தியம் செய்யவில்லை. வீக்கத்தை அமுக்கும் மருந்து இரண்டிலும் ஒன்றுதான்; ஆனால் நம் ஊரில் மாத்திரை வேறு, டானிக் வேறு. அதே ஊரில் பிறந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? "நீ டெஸ்ட் எடுத்த பெறகுதாம்மா பயமில்லாம இருந்தா" என்றும் சொன்னார். வீங்காத சொட்டுக்கு நான் அளவு எழுதியதை அவரிடம் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது வருகிறவர்களிடமெல்லாம் மாத்திரையா, டானிக்கா என்று துருவித் துருவிக் கேட்கிறேன். அந்த ஒரு சொட்டு வீங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உனக்கு அதனால் என்ன?

நேற்று உன் வீட்டுக்காரர் போன் செய்தார். உன் மகளுக்கும் இழுப்பு தொடங்கிவிட்டதாம். "வேற எங்கயும் போகலம்மா, திங்கக்கெழம உங்கிட்டயே கூட்டியாரேன்" என்றார்.

வந்ததும், டானிக் ஏதாவது குடித்தாளா என்று நான் கேட்டாக வேண்டும். ஏன் கேட்கிறாய் என்பார் அவர்.