பொன்னுத்தாயியின் மாத்திரை

ஐப்பசி 12, செவ்வாய். காலையில் தூறல்.

இன்று ஆசுபத்திரியில் இருந்தவர்கள்: கட்டிலில் என் கொழுந்தன் பெண்டாட்டி பொன்னுத்தாயி. தலைமாட்டில் அவள் மகன் முருகேசன், திருப்பூரிலிருந்து வந்தவன். கால்மாட்டில் நான். சுவரோரம் ஜெசிந்தா, வீடு வீடாக அரசாங்க மாத்திரை கொண்டுவரும் பிள்ளை. டாக்டரம்மா ஒருத்தி.

பொன்னுத்தாயிக்கு வலது கை விழுந்துவிட்டது. வாய் கோணல்.

டாக்டரம்மா: "பிரஷர் மாத்திரை எம்புட்டு நாளா போடல?"

முருகேசன்: "ஆனியில இருந்தும்மா. ஓசியில குடுக்கிறத நிறுத்திட்டாகன்னு அம்மா சொன்னுச்சு."

ஜெசிந்தா: "நிறுத்தல அண்ணே. வீடு சாத்தியிருந்துச்சு. திருப்பூர் போயிட்டாங்கன்னு பக்கத்துல சொன்னாங்க. பேரை எடுத்துட்டேன்."

யார் சொன்னது என்று சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை. நான் கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

13, புதன். வெயில்.

ஆட்டுக்குத் தழை ஒடித்தது. துணி ஊறுகிறது, துவைக்கவில்லை.

சொன்னது நான். ஆனியில் அவள் பேத்திக்குக் காதுகுத்து. வாசலில் நின்றபடியே அழைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு மூத்தவள் நான். உள்ளே வந்து வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. மறுநாள் ஜெசிந்தா வந்து அவளைக் கேட்டாள். மகனோடு போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்றேன். ஒரு மாதம் அலையட்டும் என்றுதான். பேரையே எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை.

இதுவும் பொய். அடுத்த மாதம் ஜெசிந்தா என் வீட்டுக்கு மட்டும் வந்தாள். அதற்கடுத்த மாதமும். என் மாத்திரையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

15, வெள்ளி. நல்ல மழை. பஸ்ஸில் ஒழுக்கு.

முருகேசன் ஜெசிந்தா மேல் மனு எழுதப் பேப்பர் வாங்கி வைத்திருந்தான். "இவ வேலைய எடுத்தாத்தான் பெரியம்மா எனக்கு மனசு ஆறும்."

ஜெசிந்தா என்னிடம், "பாட்டி, நான் வேற எதுவும் கேக்கல. நடந்ததச் சொல்லுங்க."

சொன்னேன். "ஏலே, அந்தப் பிள்ளைய விடு. ஒங்கம்மா திருப்பூர் போயிட்டான்னு சொன்னவ நான்தான்."

முருகேசன் பேப்பரை மடித்தான். "நல்லா இருங்க பெரியம்மா" என்றான். அதற்கு மேல் என் முகம் பார்க்கவில்லை.

பொன்னுத்தாயிதான் வாய் திறந்தாள். குழறல். குனிந்து கேட்டேன்.

"தெரியும்க்கா. அன்னைக்கு உள்ளதான் படுத்திருந்தேன்."

"பெறகு ஏன்டி வெளிய வரல?"

"நீயா வந்து கூப்பிடுவன்னு பாத்தேன். மாசாமாசம் அந்தப் பிள்ளை சத்தம் கேட்டாக் கதவச் சாத்திக்கிட்டு, நீ கூப்பிடுவியான்னு பாத்தேன்."

நாலு மாதம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

ஜெசிந்தா அங்கேயே போனில் பேரைத் திரும்பச் சேர்த்துவிட்டாள். செத்த நேர வேலை. கை வருமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா பார்க்கலாம் என்கிறாள்.

பொன்னுத்தாயி மேல் கோபம் இல்லை. முருகேசன் மேலும் இல்லை. மன்னிக்கவே மாட்டேன் என்பது ஒருத்தியைத்தான். செல்லம்மாள். இதை எழுதுகிறவள்.